வாளியடி மண்ணில் ஒரு நத்தை

பிள்ளையார் சதுர்த்தி முடிந்ததும் எங்கள் வீட்டில் களிமண் பிள்ளையாரை வாளித் தண்ணீரில்தான் கரைப்போம். ஏரிக்கு எடுத்துப் போவதெல்லாம் விட்டாயிற்று. முடிச்சூரில் ஏரி எது, பிளாட் எது என்பது மழை வந்தால்தான் தெரிகிறது. கரைத்த தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, அடியில் தங்கிய மண்ணையும் செம்பருத்தி வேரில் கொட்டுவது வழக்கம். இந்த வருஷம் கொட்டவில்லை. தெம்பில்லை, அவ்வளவுதான். வாளி குழாயடியிலேயே கிடந்தது.

தை மாசம் என் கணவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தவர். பேச்சு திரும்பிவிட்டது, நடையும் ஏதோ பரவாயில்லை. வலது கை மட்டும் வரவில்லை. நான் தாம்பரத்தில் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். காலையில் அவரைக் குளிப்பாட்டி, இட்லி ஊட்டி, பஸ்ஸில் நின்றுகொண்டே போய், நாளெல்லாம் கத்திவிட்டு வந்து மறுபடியும் ஊட்ட வேண்டும். மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரி ஒரு டம்ளர் கஞ்சி கொடுத்துவிட்டுப் போவாள், குடித்துக்கொள்வார்.

இடது கையால் சாப்பிடட்டுமா என்று ஒருமுறை கேட்டார். பீச்சாங்கையால் சோறா, நான் செத்தா போய்விட்டேன் என்று அவர் வாயை அடைத்துவிட்டேன். அந்த வலது கை வந்தே ஆக வேண்டும், அவர் தட்டிலிருந்து அவரே பிசைந்து சாப்பிட வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். வேறு எதையும் சாமியிடம் கேட்கவில்லை.

பிசியோதெரபிக்கு வரும் பெண் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தாள். அவர் அதைத் தூக்கிக் கட்டிலுக்கடியில் போட்டுவிடுவார். "சாருக்கு போரடிக்குது மேடம். மாவு மாதிரி ஏதாவது பிசையச் சொல்லிப் பாருங்க" என்றாள். சப்பாத்தி மாவைக் கொடுத்தேன். "என்னை சமையலுக்கு விட்டுட்டியா?" என்று தள்ளிவிட்டார். பெரிய துரை. அப்போதுதான் அந்த வாளி கண்ணில் பட்டது.

"தோட்டத்துக்கு ஒரு நத்தை பண்ணலாம் வாங்க" என்றேன். நத்தையை ஏன் சொன்னேன் என்றால், எனக்குக் கைமுறுக்கு சுற்றத் தெரியும். நத்தையின் கூடும் அதேபோல் ஒரு சுற்றுதானே. தோட்டம் என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, காம்பவுண்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கிற இடம்.

பக்கத்து வீட்டுக்காரி சுவர் மேல் எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, சாமி மண்ணுல நத்தை செஞ்சிகினு கீறீங்க? தப்பில்லையா?"

நான் பதில் தேடுவதற்குள் நாற்காலியிலிருந்து இவர் சொன்னார்: "அவர் அன்னிக்கே ஊருக்குக் கிளம்பிட்டாரும்மா. இது வெறும் மண்ணு." அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

மண் கையில் அப்படியே அப்பிக்கொண்டது. என் புத்தி எங்கே போகும்? முறுக்கு மாவுக்கு விடுவதுபோல நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தேன். பதம் அருமையாக வந்தது. அவர் வலது கையை மண்மேல் வைத்து, அதன்மேல் என் கையை வைத்து அழுத்தி, கயிறாகத் திரித்துச் சுற்றினோம். இரண்டு நாள் வெயிலில் காய்ந்தது. பிறகு தூக்கினால் சுற்றுச் சுற்றாகக் கழன்று என் காலடியில் விழுந்தது. எண்ணெய் பட்ட மண் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை.

"டீச்சரம்மா, இதைப் பொரிச்சு எடுத்திருக்கணும்" என்றார் அவர். வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. உட்கார்ந்து மண் பிசைய எனக்கென்ன பொழுதா கிடக்கிறது?

"நீ விடு, நான் பாத்துக்கறேன்" என்றார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பரீட்சைத்தாள் வேறு. பஸ்ஸை விட்டு இறங்கும்போது முதுகு விட்டுப்போயிருந்தது. கேட்டைத் திறந்தால், வாசற்படியில் தேங்காய் அளவுக்கு ஒரு நத்தை, வாளியில் மிச்சமிருந்த மண்ணில். கூடு அழகாகச் சுற்றியிருந்தது. தலையில் கொம்பாக இரண்டு ஈர்க்குச்சிகள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அங்கே நின்றபடியே பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "பாரு, அவருக்குக் கை வந்துடுச்சு" என்றேன். அவள் நாற்காலியிலிருந்த அவரைப் பார்த்தாள்.

அவர் கையைக் கழுவிவிட மக்கில் தண்ணீர் கொண்டுபோனேன். இடது கையில் நகக்கண்ணெல்லாம் மண். வலது கை மடியில் கிடந்தது, காலையில் நான் துடைத்துவிட்ட மாதிரியே சுத்தமாக.

"வலது கையால பண்ணலையா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து? கை எப்படி வரும்?"

"வராது" என்றார். "விரல் இனிமே இவ்வளவுதான்னு பிசியோ பொண்ணு போன மாசமே சொல்லிடுச்சு. பந்து, மாவெல்லாம் கை விறைச்சுப் போகாம இருக்கத்தானாம். உன்கிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன்."

"என்கிட்ட ஏன் மறைக்கணும்?"

மடியில் கிடந்த கையைக் குனிந்து பார்த்தார். பிறகு, "ஸ்கூல்லேர்ந்து வந்ததும் என் கையைத்தான் பாக்கற. இன்னிக்கு அசைஞ்சுதா, இன்னிக்கு அசைஞ்சுதான்னு. என் மூஞ்சியைப் பாத்து எவ்வளவு நாளாச்சு சொல்லு" என்றார்.

சண்டை போட வாயைத் திறந்தேன். மக்கிலிருந்த தண்ணீரால் அவர் இடது கையை மட்டும் கழுவினேன். நத்தையை சன்ஷேடுக்குக் கீழே நகர்த்தி வைத்தேன். சுடாத மண், மழையில் நனைந்தால் போயிற்று.

உள்ளே போய் உப்புமா கிளறினேன். அதற்கு மேல் எதுவும் முடியாது. தட்டை அவர் இடது பக்கமாக வைத்து, அவருக்கென்று ஒரு ஸ்பூன் எடுக்கத் திரும்பினேன். அவர் காத்திருக்கவில்லை. இடது கையாலேயே அள்ளி வாயில் வைத்துக்கொண்டார். பாதி சட்டையில் விழுந்தது. சூடு பொறுக்காமல் ஊதி ஊதிச் சாப்பிட்டார்.

எதிரே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தினமும் இரண்டு வேளை இந்த வாய்க்கு நான்தான் ஊட்டினேன். இவ்வளவு மெலிந்தது எப்போது என்று எனக்குத் தெரியவில்லை.