டேப் மெஷினுக்கு இரண்டு பூஜை

அந்த வருஷம் எங்கள் டேப் மெஷினுக்கு இரண்டு பூஜை நடந்தது. ஆயுத பூஜையன்று மாலை நான் அதை அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். பூஜையில் இருக்கும் பொருளைத் தொடக்கூடாது என்பது தாராவியில் என் அப்பாவின் பட்டறையிலிருந்து வந்த வழக்கம். மறுநாள் தசரா. கூட வேலை செய்யும் மராத்திக்காரி, தங்களுக்கு இன்றைக்குத்தான் பூஜை என்று சாமந்தி மாலை போட்டு, அன்றும் அதை ஓடவிடவில்லை. நானும் ரசித்துக்கொண்டு நின்றேன். புத்தி எங்கே போயிற்றோ!

செம்பூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. அன்றன்று எடுத்த படங்கள் இரவில் பேக்கப் டிஸ்கில் சேரும். அங்கிருந்து மறுநாள், நிரந்தரமாக வைத்திருக்க, இந்த மெஷின் வழியாக டேப்பில் ஏறும். மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு டிஸ்க் தானாகவே அவற்றைத் துடைத்துவிடும். டேப்பில் ஏறிவிட்டதா என்று அது பார்க்காது.

அந்த மூன்றாம் நாள் காலை பத்தரைக்கு, கம்ப்யூட்டரில் இடமில்லை, பழையதை அழிக்கிறேன் பேர்வழி என்று, சீத்தா கேம்ப்பிலிருந்து வந்த பெரியவர் ஒருவரின் இதயப் படங்களையும் சேர்த்து அழித்துவிட்டேன். ஆயுத பூஜையன்று காலையில் எடுத்தவை. நான் அழித்த அதே நாள் மதியம் அவருக்கு ஆபரேஷன், டாக்டர் இன்னும் படத்தைப் பார்க்கவே இல்லை. கிட்னி பலவீனம், ஸ்கேன் மருந்தை மறுபடி ஏற்றக்கூடாது என்று அவர் சீட்டிலேயே எழுதியிருந்தது.

டேப்பில் இருக்குமே என்று அறையின் மூலைக்கு ஓடினேன். வாடிய மாலையோடு மெஷின் அணைந்து கிடந்தது. அப்போதுதான் உறைத்தது. அடிப்பாவி, இரண்டு நாளாக டேப்பில் எதுவுமே ஏறவில்லை!

மிச்சம் இருந்தது டிஸ்க் மட்டும்தான். துடைப்பதை நிறுத்தும் பாஸ்வேர்டு எங்கள் மேலதிகாரியிடம் இருந்தது. அவர் அம்பர்நாத்திலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தார், போனை எடுக்கவில்லை. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். மணி பத்து நாற்பது. டிஸ்கிலிருந்து திரும்ப எடுக்கத் தொடங்கினேன். மராத்திக்காரி என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு "தேவா, தேவா" என்றாள்.

பெரியவரின் மகள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏக்கா, டாக்டர் வந்துட்டாவ. படம் ரெடியா?"

"இன்னும் கொஞ்ச நேரம்மா" என்றேன்.

எண்ணிக்கை முந்நூற்றில் நின்றது. நகரவே இல்லை. அந்தப் பெரியவர் வெளியே பெஞ்சில் இருமுவது கேட்டது. ஐயோ, ஒரு உயிரைக் கொன்றுவிட்டேனே என்று தோன்றியது. பிறகு முந்நூற்று ஒன்று என்றது. அழுதுவிட்டேன்.

பத்து ஐம்பத்தேழுக்கு நானூற்றுப் பன்னிரண்டும் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினொன்று அடித்தது. டிஸ்கில் இருந்தவை துடைபட்டுப் போயின.

மகள் உள்ளே வந்தாள். என் கண்ணீரைப் பார்த்தாள், மெஷினில் இருந்த குங்குமத்தைப் பார்த்தாள். அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என் இரண்டு கைகளையும் பிடித்தாள்.

"நீங்க நல்லா இருப்பீய அக்கா. எங்கப்பாவுக்காவ அழுதீயளா?"

என்னால் மறைக்க முடியவில்லை. "நான்தாம்மா அதை அழிச்சேன்" என்று சொல்லிவிட்டேன். நடந்ததை எல்லாம் சொன்னேன், நானூற்றுப் பன்னிரண்டும் திரும்பி வந்துவிட்டன என்பதையும்.

அவள் திட்டவில்லை. கைகளை மட்டும் எடுத்துக்கொண்டாள். நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

"எண்ணுங்க" என்றாள். "ஒண்ணுலேருந்து எண்ணுங்க. நான் பாக்கேன்."