பள்ளமாகத் தெரிந்த நம்பர்

என் வீட்டுக்காரர் கார் பெயிண்டர். கல்யாணத்தன்று எல்லோரும் மணப்பெண்ணைப் பார்த்தபோது, மாப்பிள்ளை மட்டும் வாசலில் நின்ற வாடகைக் காரின் கதவைத் தடவிப் பார்த்து, "யாரோ மட்டமா அடிச்சிருக்கான்" என்றார். அப்படிப்பட்ட மனுஷன். வண்டியில் ஒரு கீறலைப் பார்த்துவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

எனக்கு இந்த நாட்டில் நர்ஸ் வேலை கிடைத்தது. வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்க வேண்டும். சொந்த வண்டி இருந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் விசா. புதுக் கார் வாங்க எங்களிடம் என்ன கொட்டியா கிடக்கிறது? ஊரில் ஓட்டிய பழைய வெள்ளைக் காரையே கப்பலில் ஏற்றினோம். அதைப் பதிவு செய்துவிட்டுத்தான் திங்கட்கிழமை வேலையில் சேர முடியும்.

சோதனைக் கூடத்தில் பிரேக், விளக்கு, புகை எல்லாம் பாஸ். போன உயிர் திரும்பி வந்தது. பிறகு அங்கிருந்த தமிழ் அதிகாரி பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்னால் இருந்த தகரத்தில் டார்ச் அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார்.

"சேஸிஸ் நம்பர் எங்கம்மா? வண்டிக்கு அடையாளமே அதுதானே."

"அங்கதான் சார், தகரத்துலயே குத்தியிருக்கும்," என்றேன்.

"ஒண்ணும் இல்லையே. வழவழன்னு இருக்கு."

திரும்பி இவரைப் பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"துரு பிடிச்சு அசிங்கமா இருந்துச்சு. பழைய வண்டின்னு திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு பயம். தேய்ச்சுட்டு, பள்ளத்தை அடைக்கிற புட்டி மாவு பூசி, பெயிண்ட் அடிச்சேன்."

"நம்பர் மேலயா?"

"எனக்கு அது பள்ளமாத்தான் தெரிஞ்சுது."

அதிகாரி கார் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நம்பரை மறைத்த வண்டியைத் திருட்டு வண்டி என்றுதான் எழுத வேண்டுமாம். பறிமுதல், போலீஸும் வருமாம். கத்தியிருந்தாலாவது நானும் சண்டைக்குப் போயிருப்பேன். தன்மையாகச் சொன்னார், அதுதான் பயமாக இருந்தது.

"புட்டிக்கு அடியில நம்பர் இருக்கும் சார். நானே தேய்ச்சுக் காட்டுறேன்," என்றார் இவர்.

"தேய்க்கிறப்ப அழிஞ்சு போச்சுன்னா?"

இவர் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்து நீட்டினார். அதிகாரி அதைத் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "என் கண்ணு முன்னாடி பண்ணுங்க. மெஷின் வேணாம், கையால மட்டும்."

இவர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். இந்த ஆளைக் கட்டிக்கொண்ட நாளை மனசுக்குள் திட்டிக்கொண்டே, கடவுளையும் கும்பிட்டேன். வெள்ளை பெயிண்ட் பாலாக வழிந்தது. குத்திய பள்ளத்தில் மட்டும் புட்டி தங்கி, நம்பர் ஒவ்வொரு எழுத்தாக எழும்பியது. கடைசி எண்ணில் பாதிதான் இருந்தது. மூன்றா, எட்டா? ஊரில் துருவோடு சேர்த்து மீதியையும் தேய்த்திருந்தார்.

அதிகாரி டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தார். எங்கள் வண்டிப் பேப்பரைப் பார்த்தார், அதில் கடைசி எண் மூன்று. மறுபடி தகரத்தைப் பார்த்தார்.

"மூணுதான்," என்று சாவியை என் கையில் கொடுத்தார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

நம்பர் பிளேட் மாட்டி மாதக்கணக்காகிவிட்டது. அந்த இடத்துக்கு மட்டும் இவர் இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. தினமும் காலையில் பானெட்டைத் திறந்து, துரு ஏறாமல் எண்ணெய்த் துணியால் துடைத்து, கடைசி எண்ணை விரலால் தடவிப் பார்க்கிறார்.

"மூணு இருக்கு. போயிட்டு வா."

அவர் அதைச் சொல்லாமல் நானும் சாவியைத் திருப்புவதில்லை.