தளபதியின் சிவப்புக் கையுறை

பூநகரித் தவராசா தனக்குத் தெரியாதது ஒன்று உண்டென்று இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. புத்தாண்டு வினோத உடைப் போட்டிக்கு, படத்தில் கண்ட ஒல்லாந்தத் தளபதியின் உடுப்பை அச்சொட்டாகத் தைப்பித்தார். கையுறை மட்டும் வெள்ளை, படத்திலோ சிவப்பு.

பனையோலைப் பெட்டி இழைக்கும் மனைவி கமலாசனி, "இது பொலியெஸ்டர். ஓலைச் சாயம் பிடியாதப்பா" என்றாள்.

"எனக்குத் தெரியும். நீர் பேசாம இரும்."

சுருக்கமில்லாமல் சாயம் ஏற வேண்டுமாம். கையுறையை மாட்டிக்கொண்டே, கமலாசனி ஓலைக்குக் காய்ச்சி ஆறவைத்த சிவப்புச் சாயத்துக்குள் இரண்டு கைகளையும் அரைமணி நேரம் அமிழ்த்தியிருந்தார். கழற்றி அலசினால் கையுறை பழையபடி வெள்ளை. கைகள் மணிக்கட்டுவரை செக்கச்செவேலென்றிருந்தன, சவர்க்காரத்துக்கும் அசையவில்லை.

வேறு வழியின்றி வெறுங்கையோடு மேடையேறினார். நடுவர்கள் முதற்பரிசு கொடுத்து, கையுறையின் கச்சிதத்தைத் தனியாகப் பாராட்டினார்கள்.

அன்றிலிருந்து, சாயம் போடுவது எப்படியென்று கமலாசனிக்குத் தவராசாதான் சொல்லிக்கொடுக்கிறார்.