என் பெயரில் போன கல்யாணப் பத்திரிகை

போன வருடம் தை பிறந்த கையோடு, திருச்செங்கோடு போகும் சாலையில் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. கணவர் இறந்து அப்போது இரண்டு வருடம். மகன் வெளிநாட்டில். பின்கட்டில் குடியிருந்த லாரி டிரைவர் குடும்பமும் சொந்த வீடு கட்டிப் போய்விட, நாலு பேர் புழங்கிய வீடு எனக்கு மட்டும் ரொம்பப் பெரிதாகிவிட்டது.

நான் வாயாடி. "உன்கிட்ட வழி கேட்டா ஊர்க்கதையும் வாங்கிட்டுத்தான் போவோணும்" என்று கணவர் சிரிப்பார். அவர் போன பிறகு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பப் பழகினேன். எழுத்துத் தட்ட விரல் வராது. முருங்கை பூத்தது, தண்ணீர் வராதது என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் நிமிடக்கணக்கில் பேசி அனுப்புவேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வரும். பல நாள் அதுவும் வராது.

எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் வீட்டுக்கே வந்து, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துத்தான் அழைப்பார்கள். கணவர் போன பிறகு எங்கள் வாசலில் அந்தத் தட்டு வருவது குறைந்து போனது. அதனால்தான், ஒரு தூரத்து உறவுக்காரரின் எண்ணிலிருந்து 'கல்யாணப் பத்திரிகை' என்று போனில் வந்ததும், நேரில் வராமல் ஏன் அனுப்புகிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நம்மை யாரோ நினைத்தார்களே என்று மனசு நிறைந்துவிட்டது.

தொட்டேன். அனுமதி வேண்டும் என்று போன் ஏதேதோ கேட்டது. எல்லாவற்றுக்கும் சரி கொடுத்தேன். பத்திரிகை திறக்கவில்லை. நெட் மெதுவாக இருக்கும்போல என்று நினைத்து, "கட்டாயம் வாரேன் சாமி" என்று அவருக்கு வாழ்த்து பேசி அனுப்பிவிட்டு, பீரோவிலிருந்து பட்டுச்சேலையை எடுத்து வெயிலில் உலர்த்தினேன்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். பின்கட்டில் இருந்த அந்த டிரைவர் தம்பி, நாக்பூர் பக்கம் லாரியை ஓரம் கட்டிவிட்டுக் கூப்பிட்டார்.

"ஏனுங்க அக்கா, ஆருக்குங்க கண்ணாலம்?"

"எனக்குத்தான். மாப்ள நீயே பாரு!"

"வெளையாடாதீங்க. பத்திரிக்கைன்னு அனுப்பிச்சிருக்கீங்களே?"

"நான் எங்க சாமி அனுப்பினேன்?"

"அதானே பாத்தேன். பொங்கலுக்கு வாழ்த்து சொல்லவே நாலு நிமிசம் பேசுவீங்க. இது பேச்சே இல்லாம மொட்டையா வருது. தொடலாம்னு வெரல வெச்சுட்டு எடுத்துட்டனுங்க. நீங்க மொதல்ல போன அணைங்க. நேரா பேங்குக்குப் போங்க."

போனை அணைத்துவிட்டு பஸ் ஏறினேன். கணக்கில் கொஞ்சம் போயிருந்தது. மீதியை நிறுத்திவைத்தார்கள். அங்கிருந்த பெண் நிதானமாகச் சொன்னார்: "பத்திரிக்கை உங்களைத்தாங்கம்மா கூப்புடும். உங்க மெசேஜைப் படிக்கட்டுமான்னு கேக்காது." நான் தொட்டது போனுக்குள் புகுந்து, பேங்க் அனுப்பும் ரகசிய எண்ணைப் படித்து, என் பெயரில் எல்லோருக்கும் தானே போகும் திருட்டு ஆப்பாம். புகார் கொடுக்கவும் அவரே வழி காட்டினார்.

பணத்தைவிடப் பெரிய பயம் வேறு. என்னை நம்பி எத்தனை பேர் அதைத் தொட்டார்களோ? கணவர் கைப்பட எண்கள் எழுதிய பழைய நோட்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அதுவரை அந்த அம்மாவும் நானும் வாசல் கேட்டுக்கு மேலே தலையாட்டிக் கொண்டதோடு சரி. விஷயம் கேட்டதும் தன் போனைக் கையில் கொடுத்து நாற்காலி போட்டார்.

முதலில் எடுத்தது என் நாத்தனார். "பயப்படாதீங்க அண்ணி. நீங்க அனுப்பறத நான் தொறக்கறதே இல்ல. இருநூறுக்கு மேல அப்படியே கெடக்குது" என்றார், ஆறுதலாக. அடுத்தவர், "உங்க மெசேஜ் வந்தா சத்தமே வராம நிறுத்தி வெச்சு ஆறு மாசமாச்சுங்க" என்று சிரித்தார். பத்திரிகை அனுப்பியதாக வந்த உறவுக்காரரையும் பிடித்தேன். அவர் போனிலும் இதே திருட்டு நடந்திருந்தது. அவர் வீட்டில் கல்யாணமே இல்லை.

ஒருவர்கூட ஏமாறவில்லை. "நல்லதாப் போச்சு சாமி, நல்லதாப் போச்சு" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். உண்மையாகவே நல்லதுதான். ஆனால் நோட்டின் கடைசிப் பக்கம் வருவதற்குள், விஷயத்தை ஒரே வரியில் சொல்லிப் போனை வைக்க ஆரம்பித்திருந்தேன். எதிர்வீட்டு அம்மா காப்பியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

கடைசியாக, தப்பித்ததைச் சொல்ல டிரைவர் தம்பியைக் கூப்பிட்டேன். "என் மெசேஜை எல்லாம் நீயாச்சும் கேப்பியா?" என்று கேட்டுவிட்டேன்.

"உங்க பேச்சைப் போட்டுட்டுத்தானுங்க ஓட்டறேன். நேத்து முருங்கக் கதைய ரெண்டு தடவ கேட்டேன். கிளீனரும் கேட்டானுங்க."

திறந்து கேட்கும் பழக்கம் இருந்த அந்த ஒருவர்தான் அன்று மாட்டியிருக்க வேண்டியவர். என் குரல் இல்லை என்று கவனித்ததும் அவர்தான்.

இப்போதெல்லாம் போனில் யார் எதை அனுப்பினாலும், கூப்பிட்டுக் குரலைக் கேட்காமல் தொடுவதில்லை. சிலருக்கு அது சலிப்பு, இருக்கட்டும். பேசி அனுப்புவதை மட்டும் விடவில்லை. எந்த ஊர்ச் சாலையிலோ ஓடும் லாரிக்குள் என் முருங்கைக் கதை போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டால், கதவைச் சாத்தும்போது இந்த வீடு எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிவதில்லை.