பூட்டிய கதவும் என் பகிடியும்

இது நடந்தது திருகோணமலைத் துறைமுகப் பக்கம், மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கிற தகர வீட்டு வரிசையில். போன உள்ளூராட்சித் தேர்தலன்று வெடித்த கதை. ஆனால் அதைத் தொடக்கி வைத்தவன் நான், அதற்கு முந்தின வருடமே.

அந்த வரிசையின் முனையில் எனக்கொரு போட்டோக்கொப்பிக் கடை. படிவம் நிரப்பத் தெரியாத சனத்துக்கு நானே நிரப்பிக் கொடுப்பதால் என்னை அரைச் சட்டத்தரணி என்பார்கள். மற்ற அரை முழுக்க வாய்தான்.

வாக்காளர் பதிவுக்காக வந்த கிராம சேவகர் ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறதைப் பார்த்துவிட்டு என் கடைக்கு வந்தார்.

"இந்த வீட்டு ஆக்கள் எங்க?"

சந்தையில் மீன் வெட்டுகிற ஒரு அக்காவின் வீடு அது. சண்டைக்காலத்தில் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். அங்கிருந்த காணி அப்போதுதான் திரும்பக் கிடைத்திருந்தது. கிணறு தூர்ந்த, பற்றை மண்டிய வெறும் காணி. பற்றை வெட்டப் பத்து நாள் போயிருந்தார். இதெல்லாம் எனக்கு வடிவாகத் தெரியும். ஆனால் கடையில் நாலு பேர் நின்றார்கள். நாலு பேர் நின்றால் என் வாய் சும்மா இருக்காது.

"அவ இப்ப சம்பூரில பெரிய காணிக்காரி ஐயா. இனி இந்தத் தகரத்துக்குத் திரும்பி வருவாவோ?"

எல்லோரும் சிரித்தார்கள். கிராம சேவகரும் சிரித்துக்கொண்டே எதையோ எழுதினார். பிறகு வாக்காளர் பட்டியலின் வரைவு இடாப்பைப் பார்வைக்கு வைத்தபோது போனேன். என் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

தேர்தல் வந்தது. தமிழ்க் கட்சியும் முஸ்லிம் கட்சியும் கொழும்புக் கட்சிகளும் எங்களிடம் வாக்குக் கேட்டு வருவார்களே தவிர, அந்த வரிசையில் ஒருவரையும் வேட்பாளராக நிறுத்தியதில்லை. அந்த முறைதான் முதல்முறையாக எங்கள் ஆள் ஒருவர் சுயேச்சைக் குழுவில் நின்றார். அக்காவுக்குப் பக்கத்துப் பலகையில் மீன் வெட்டுகிற பெண். வரிசைக்கு ஒரு பொதுக் குழாய், அவ்வளவுதான் அவர் கேட்டது. அக்கா வீடு வீடாகப் போய் அவருக்கு வாக்குக் கேட்டார். தனக்கு வாக்காளர் அட்டை வரவில்லையே என்று என்னிடம் கேட்டபோது, அரைச் சட்டத்தரணி தீர்ப்புச் சொன்னார்:

"அடையாள அட்டை போதும் அக்கா. பயப்படாமப் போங்கோ."

அன்று காலை அக்கா தோய்த்து மடித்த சேலையில் போனார். திரும்பி வரும்போது கையை முந்தானைக்குள் வைத்திருந்தார். மற்றவர்கள் மை பூசிய சின்ன விரலைக் காட்டிக்கொண்டு வந்தார்கள்.

"என்ர பேர் இல்லையாம் தம்பி. சம்பூரில இருக்குமாம். அங்க கேட்டால், நீங்கள் டவுன் ஆக்கள் எண்டுவினம். அப்ப நான் எங்கதான் இருக்கிறன்?"

அன்று பின்னேரம் அவர் வீட்டு வாசலில் நின்று, கிராம சேவகரிடம் நான் அடித்த பகிடியைச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"நீங்கள் பகிடிக்காரன் எண்டு தெரியும்," என்றார். "ஆனால் நான் எங்க போனனான் எண்டும் உங்களுக்குத் தெரியும்தானே?"

வேட்பாளர் தோற்றார். ஒரு வாக்கால் இல்லை, நிறைய வாக்குகளால். அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை. குழாயும் வரவில்லை. அடுத்த பதிவுக்கு நானே படிவத்தை எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். அவர் பேனாவை என்னிடமிருந்து வாங்கி, எழுத்துக் கூட்டித் தன் பெயரைத் தானே எழுதினார். நெடுநேரம் எடுத்தது. நான் படிவம் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போதும் கடையில் சனம் சிரிக்கிறது, நானும் சிரிக்கப் பண்ணுகிறேன்; ஆனால் பூட்டிய வீட்டைக் காட்டி யாராவது கேட்டால், அந்த வீட்டு ஆள் திரும்பி வந்து சொல்லட்டும் என்பதற்கு மேல் என் வாயிலிருந்து ஒன்றும் வருவதில்லை.