என் பிரஷரை ஏற்றியது யார்

நான் யாரையும் சீக்கிரத்தில் நம்புகிற ஆள் இல்லை. பதினான்கு வருடம் கேஸ் டேங்கர் ஓட்டியதால் வந்த குணம் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். அதற்கு முன்பும் அப்படித்தான் என்பது என் மனைவிக்குத் தெரியும். வண்டியை எடுக்கும் முன் ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்ப்பேன். கிளீன் செய்தாயிற்று என்று யாராவது சொன்னால் குனிந்து அடியில் பார்ப்பேன். டீக்கடைக் கிளாசை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பேன்.

கேஸ் ஏற்றும் பிளாண்டில் டிரைவர்களுக்கு வருடம் ஒருமுறை உடம்பைப் பரிசோதிப்பார்கள். மூன்று வருடத்துக்கு முன்பு அப்படி ஒருநாள் என் கையில் பட்டையைச் சுற்றிய டாக்டர், காற்றை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினார். நூற்றெண்பதுக்கு நூற்றுப் பத்து. மெஷின் கோளாறு என்றேன். வேறு மெஷின் கொண்டுவந்தார்கள். அதுவும் அதையே சொன்னது. இரண்டு மெஷினையும் ஒரே கடையில் வாங்கியிருப்பீர்கள் என்றேன். டாக்டர் சிரிக்காமல், என் தகுதிச் சான்றில் கையெழுத்துப் போடாமல் தாளை ஓரமாக வைத்தார். அந்தக் கையெழுத்து இல்லாமல் கேஸ் வண்டியைத் தொட முடியாது.

ஓனர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். "பிரஷர எறக்கிட்டு வாப்பா. வண்டி எங்க போயிருது?" எனக்கு அதுவே உறுத்தியது. அவருடைய மச்சினன் அப்போதுதான் ஹெவி லைசென்ஸ் எடுத்திருந்தான். டாக்டருக்கும் ஓனருக்கும் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று என் ஊர் திருச்செங்கோடு வரை பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். நாற்பத்தொரு வயதில் எனக்கு வேறு தொழில் தெரியாது.

என்னோடு ஒன்பது வருடம் அந்த வண்டியை மாற்றி மாற்றி ஓட்டிய கூட்டாளி அப்போது வேலையில் இல்லை. வாழப்பாடிக்காரன், என் வயதுதான். ஒருவரை ஒருவர் மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவன் நான்கு மாதம் முன்பே போய்விட்டான். அவன் போனதற்குக் காரணம் நான். அதைத் தள்ளிப்போடாமல் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கேஸ் வண்டிக்காரன் பீடி பிடிக்கக் கூடாது என்பது சட்டம். நாங்கள் இருவரும் அதை வண்டியிலிருந்து நூறு அடி தள்ளிப் போய்ப் பிடிக்கலாம் என்று அர்த்தம் செய்துகொண்டிருந்தோம். ஒருமுறை பிளாண்ட் வாசலில் என் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்கள். அன்று முழுக்க வண்டியை வெளியே நிறுத்திவைத்து, போகிற வருகிற டிரைவரெல்லாம் பார்க்கும்படி என்னை உட்கார வைத்தார்கள். அந்த வெட்கத்தில் பீடியை விட்டேன். வாய் சும்மா இருக்கவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் நாட்டு மருந்துச் சாமான் கடைக்குப் போய் அதிமதுர வேர் வாங்கினேன். விரல் நீளத் துண்டைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டால் தித்திப்பாகச் சாறு இறங்கிக்கொண்டே இருக்கும். தொண்டைக்கு நல்லது, தூக்கமும் வராது, நெருப்பும் வேண்டாம். ஒருநாளைக்கு நான்கைந்து துண்டு ஓடும். பீடியை விட்டதில் எனக்குப் பெரிய கர்வம். கூட்டாளிக்கும் ஒரு தகர டப்பா நிறைய வாங்கிக் கொடுத்து, "பீடிய உட்டுப்போட்டு இதைக் கடி" என்று அவன் பிள்ளைகள் மேல் சத்தியம் வாங்கினேன்.

ஒரு வருடம் போயிற்று. மங்களூர் மலை இறக்கத்தில் ஒருநாள் அவன் வண்டியை ஓரங்கட்டினான். "மாப்ள, காலு துவளுது. கிளட்ச் மிதிக்க முடியல" என்றான். பிறகு அடிக்கடி இதே பேச்சு. கை அசதி, தொடை இழுப்பு, டேங்கர் ஏணியில் ஏற முடியவில்லை. அவன் முறையையும் சேர்த்து நான் ஓட்டுவது அதிகமாகிக்கொண்டே போனது. குடிக்கிறான் என்று முடிவுகட்டினேன். ஒருநாள் வாயை ஊதச் சொல்லி மோந்தே பார்த்தேன். அதிமதுர வாசனைதான் வந்தது. அதையும் நான் விடவில்லை. ஓனரிடம் போய், "சாராய வாடைய மறைக்கத்தாங்க வேர மெல்லுறான்" என்றேன். "நெசமாத்தான் சொல்றியாப்பா?" என்று ஓனர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் ஆமாங்க என்றேன். மறுநாள் அவன் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். என்னிடம் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, அதனால்தான் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிரஷருக்கு வருகிறேன். நாமக்கல்லில் வேறொரு டாக்டரிடம் போனேன், அவர் முதலில் ஒரு மாத்திரை கொடுத்தார். பிறகு இரண்டு. பிறகு மூன்று. உப்பை அடியோடு குறைக்கச் சொன்னார். ஆறு மாதத்தில் நூற்று எழுபதுக்குக் கீழே அது இறங்கவில்லை. மாத்திரை போலி என்று கடையை மாற்றினேன். பிறகு என் கண் சமையலறைப் பக்கம் திரும்பியது. மனைவி குழம்பை இறக்கும்போது பின்னால் போய் நின்று கரண்டியில் எடுத்து நக்கிப் பார்ப்பேன். கடையில் உப்புப் பாக்கெட் வாங்கிய தேதியைக் காலண்டரில் குறித்துவைத்தேன். ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, இந்த ஊட்டுல ஆறு மாசமா ஒருத்தரும் உப்புப் போட்டுத் திங்கறதில்லீங்க. உங்களுக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணுன்னு ஆக்க மனசு வரலீங்க. புள்ள பள்ளிக்கொடத்துல தயிர் சோத்துக்குப் பக்கத்துப் புள்ளகிட்ட ஊறுகா வாங்கித் தொட்டுக்குது. இன்னும் என்னைய என்ன பண்ணச் சொல்றீங்க?"

நான் வாசலுக்குப் போய் ஒரு துண்டு அதிமதுரத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அடுத்த வாரம் நாமக்கல் டாக்டர் கைவிரித்துவிட்டு, சேலத்தில் ஹார்மோன் டாக்டர் ஒருவரிடம் போகச் சொல்லிக் கடிதம் கொடுத்தார். ஹார்மோன் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. அதெல்லாம் பெண்கள் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் டாக்டரே ஒரு சின்னப் பெண். என் மகளுக்கு அக்கா மாதிரி இருந்தார். "இந்த வயசுல மூணு மாத்திரைக்கும் அடங்கலைன்னா பின்னாடி ஏதோ இருக்குங்க. கண்டுபிடிச்சா முழுசாவே சரியாகலாம்" என்றார். சிறுநீரகத்துக்கு மேலே குல்லா மாதிரி ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறதாம். அது ஆல்டோஸ்டிரோன் என்கிற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்தால் உடம்பு உப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு, பொட்டாசியத்தைச் சிறுநீரில் விட்டுவிடுமாம். ரத்தத்தில் பார்த்தால் எனக்குப் பொட்டாசியம் தரைதட்டிக் கிடந்தது.

"கால் துவளுதா? தொடை இழுக்குதா?"

இரண்டும் இருந்தது. இல்லீங்க என்றேன். சொன்னால் ஓனர் காதுக்குப் போகும், வண்டி போய்விடும். அந்த நிமிடம் கூட்டாளியின் நினைவு வராமல் இல்லை. அவன் குடித்தான், நான் குடிக்கவில்லை என்று தள்ளிவிட்டேன்.

"நாட்டு மருந்து, லேகியம், சூரணம் ஏதாவது?"

"அந்தக் கதையே இல்லீங்க."

அதன்பிறகு அந்தப் பெண் சொன்னது ஒவ்வொன்றும் என் தலையில் மிளகாய் அரைக்கிற மாதிரியே இருந்தது. பழைய மாத்திரைகளை நிறுத்தி வேறு இரண்டைக் கொடுத்தார். பொட்டாசியத்துக்கு ஒரு டானிக். உப்பைக் குறைக்காதீர்கள், பரிசோதனை முடிகிறவரை எல்லோரையும் போலச் சாப்பிடுங்கள் என்றார். ஒரு டாக்டர் உப்பு விஷம் என்கிறார், இன்னொரு டாக்டர் போட்டுச் சாப்பிடு என்கிறார். இதில் யாருக்கு யார் கமிஷன்? ரத்தம் எடுக்கிற நாளில் வெறும் வயிறு முக்கியமில்லையாம், எழுந்து இரண்டு மணி நேரம் நடமாட வேண்டுமாம், பிறகு பத்து நிமிடம் உட்கார வேண்டுமாம். படுத்திருந்தால் ஒரு கணக்கு, நின்றால் ஒரு கணக்கு காட்டுகிற ரத்தத்தை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. வீட்டில் அன்று உப்புப் போட்ட பருப்பு ரசம். மகள் மூன்று முறை ஊற்றிக்கொண்டாள்.

இன்னொரு சுரப்பு நீருக்காக ஒருநாள் சிறுநீர் முழுவதையும் பிடிக்க வேண்டும் என்று ஐந்து லிட்டர் கேன் கொடுத்தார்கள். காலையில் முதலாவதைக் கீழே விட்டுவிட்டு, அப்புறம் மறுநாள் காலைவரை ஒரு சொட்டு விடாமல். அடியில் ஆசிட் ஊற்றியிருக்கிறோம், நேராகப் பிடிக்காதீர்கள், குவளையில் பிடித்து ஊற்றுங்கள் என்றாள் லேப் பெண். ஆசிட் ஊற்றிக் கொடுக்கிற லேப் என்ன லேப்? யாரும் தொடக் கூடாது என்று கேனைக் குளியலறையில் வைத்து வெளியே பூட்டினேன். வீட்டில் மற்றவர்கள் குளிக்க வேண்டும் என்பது மகள் கதவைத் தட்டிய பிறகுதான் உறைத்தது. மறுநாள் மஞ்சள் பையில் கேனைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டு சேலம் பஸ்ஸில் உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டுக்காரர், "என்னங்க, செக்குல ஆட்டுனதுங்களா?" என்றார். ஆமாங்க என்றேன்.

பத்து நாளில் முடிவு வந்தது. டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். முதல்முறையாக என்னைவிடச் சந்தேகப்படுகிற ஒருவரை எதிரில் பார்த்தேன்.

"ஆல்டோஸ்டிரோன் கூடியிருக்கும்னு நினைச்சேன். அடிமட்டத்துல இருக்கு. அதைத் தூண்டிவிடுற ரெனினும் இல்லை. கேன்ல எடுத்ததுலயும் ஒண்ணுமில்லை. ஆனா உடம்பு, அந்த ஹார்மோன் வெள்ளமா ஓடுற மாதிரி நடந்துக்குது." பேனாவால் மேசையைத் தட்டியவர் உப்பியிருந்த என் கன்னத்தைப் பார்த்தார். "வாயில என்னங்க?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பாக்கு, புகையிலை என்று நினைத்துவிட்டார் போல. "பாக்கு இல்லீங்க, ஹான்ஸ் இல்லீங்க. பீடியவே ரெண்டு வருசத்துக்கு முன்னால உட்டவன் நானு" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து ஐந்தாறு துண்டுகளை எடுத்து அந்தத் தாளின் மேலேயே போட்டேன். "அதிமதுரமுங்க. மருந்தில்ல, சும்மா வேரு."

டாக்டர் ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்தார். தினம் எத்தனை என்று கேட்டார். சொன்னேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவருக்குச் சிரிப்பு வந்ததை அடக்கினார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"உங்க சுரப்பி சும்மாதாங்க இருக்கு. அந்த ஹார்மோன் செய்யற வேலையை இந்த வேரே செஞ்சிடுது. இருமலுக்கு ரெண்டு நாள் வெச்சுக்கிட்டா ஒண்ணுமில்லை. நீங்க ரெண்டு வருஷமா நாள் முழுக்கச் சாறு இறக்கியிருக்கீங்க. பிரஷர் ஏறும், பொட்டாசியம் போகும், கை கால் துவளும். பொட்டாசியம் ரொம்ப இறங்கினா இதயமே தப்பா அடிக்கும்."

அப்போதும் நான் நம்பவில்லை. இங்கிலீஷ் டாக்டருக்கு நாட்டு மருந்தைக் கண்டால் ஆகாது என்று முணுமுணுத்தேன். அவர் வாதாடவில்லை. "ஒரு மாசம் விட்டுப் பாருங்க. நான் சொன்னது பொய்யானா வந்து சண்டை போடுங்க" என்றார். அவரைப் பொய்யாக்குவதற்காகவே விட்டேன். இரண்டாவது வாரம் நூற்று ஐம்பது. நான்காவது வாரம் நூற்று முப்பது. மாத்திரை ஒன்றாகக் குறைந்தது. படியேறும்போது தொடை இழுக்கவில்லை. டாக்டர் தகுதிச் சான்றுக்கு எழுதித் தந்த தாளை மடித்துப் பையில் வைத்தபோது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். காலு துவளுது மாப்ள என்று கூட்டாளி சொன்னதுதான் காதில் கேட்டது.

அன்றே வாழப்பாடிக்குப் பஸ் ஏறினேன். அவன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான். கைப்பிடியை இரண்டு கையாலும் ஊன்றியும் முடியவில்லை, மறுபடி உட்கார்ந்துவிட்டான். மில்லில் வாட்ச்மேன் வேலைக்குப் போனதாகவும் அதுவும் முடியாமல் நின்றுவிட்டதாகவும் அவன் மனைவி சொன்னாள். நரம்புத் தளர்ச்சி என்று யாரோ சொன்னார்களாம். பிரஷர் பார்த்தீர்களா என்றேன். காலுக்கு எதுக்குங்க பிரஷர் பார்ப்பாங்க என்றாள்.

அவன் அருகில் போய்க் குனிந்தேன். அவன் என்னையே பார்த்தான்.

"என்ன மாப்ள, ஊதணுமா?"

சொல்லிவிட்டு, நான் தடுக்கும் முன் வாயைத் திறந்து என் முகத்தில் ஊதினான். அதே வாசனை. கடைவாயில் துண்டு இருந்தது. மடியில் நான் கொடுத்த அந்தத் தகர டப்பா, புது வேர் நிரப்பி இருந்தது.

"இன்னுமா இதைக் கடிக்கற?" என்றேன்.

"புள்ளைங்க மேல சத்தியம் வாங்குனியே மாப்ள. பீடியத் தொடவே இல்ல."

அவன் வாய்க்கு நேரே கையை நீட்டினேன். துப்பு என்றேன். எதற்கு என்று கேட்காமல் அவன் என் உள்ளங்கையில் துப்பினான்.