சங்கு ஊதுவதற்குள் ஒரு பாட்டு

மிஷின் நன்றாக ஓடுகிறது. திரையில் படம் தெளிவாக இருக்கிறது. சத்தம் மட்டும் போய்விட்டது. ஆபரேட்டர் வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் இது நடக்கும். எனக்கு நடந்தது, தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டைக் கொட்டகையில், ஒரு பாட்டுப் படத்தின் கடைசி நாளன்று, ஃபர்ஸ்ட் ஷோவில். அறுபதுகளின் நடுவில் இருக்கும்.

1. சங்குச் சீட்டு

எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. நைட் ஷிப்ட் போகிறவர்கள் சாப்பாட்டுக் கேரியரோடு வந்து வாசலோரமாக உட்காருவார்கள். மைனில் சங்கு ஊதியதும், திரையில் கத்திச் சண்டையே நடந்தாலும் எழுந்து போய்விடுவார்கள். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜ் யாருக்காகவும் நிற்காது. போகும்போது கேட்டில் ஒரு சீட்டு வாங்கிக்கொள்வார்கள். மறுநாள் அதைக் காட்டி மிச்சப் படத்தைப் பார்க்கலாம். படத்தின் கடைசி நாளில் மட்டும் சீட்டு கிடையாது. மறுநாள் காலையில் படப்பெட்டி ரயிலேறிவிடும்.

நான் நாலு பேர் எதிரில் பேசக் கூசுகிறவன். கேபினுக்குள் இரண்டு மிஷினோடு இருந்தால் யாரிடமும் பேச வேண்டாம் என்றுதான், பள்ளிப் படிப்பு முடிந்ததும் இந்த வேலைக்கு வந்தேன். மரகதம் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அவள் வீட்டுக்காரர், என் மாமா, சாம்பியன் ரீப்ஸ் மைனில் வேலை பார்த்தார்.

2. கோழிக்கூண்டில் ஆர்மோனியம்

அந்தப் படத்தில் பெண்தான் எல்லாம். பாட்டுக் கச்சேரி நடத்துவாள், வேன் ஓட்டுவாள், வம்புக்கு வருகிற ஆண்களை வாயாலேயே விரட்டுவாள். மகள் மேடையேறக் கூடாது என்று அப்பா அவளுடைய ஆர்மோனியத்தைக் கோழிக்கூண்டில் ஒளித்து வைப்பார். அவள் கூண்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்து வாசிக்க, கோழிகள் தாளம் போடும். அந்த இடத்தில் பெண்கள் பக்கம் சிரிக்கிற சிரிப்பில் தகரக் கூரை அதிரும். கடைசியில் போட்டி மேடையில் ஒரு பாட்டுப் பாடுவாள். அதைக் கேட்டு அப்பா மனம் மாறுவார்.

முதல் நாளே கூட்டம் அள்ளியது. பெண்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டினிக்குத் திரும்பத் திரும்ப வந்தார்கள். கேட்டில் விற்ற பாட்டுப் புத்தகம் தீர்ந்துபோயிற்று. அக்கா எனக்குக் கொடுத்த இலவசப் பாஸில் தினமும் வந்தாள். கடைசிப் பாட்டில் அந்த நடிகை எங்கே மூச்சு வாங்குவாள், எங்கே தலையைச் சாய்ப்பாள் என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

அக்காவுக்கு அந்தப் படம் வெறும் படமாக இல்லை. மைன் ஆட்கள் பொங்கலுக்கு நாடகம் போடுவார்கள். பெண் வேஷத்தையும் மீசை மழித்த ஆண்களே கட்டுவார்கள். அந்த வருஷம் நிஜமாகவே பாடுகிற ஒரு பெண்ணை மேடையேற்றலாம் என்று அக்காவைக் கேட்டிருந்தார்கள். மாமா ஒத்துக்கொள்ளவில்லை.

"வூட்ல பாடு, பைப்பாண்ட பாடு, யாரு வேணான்னா? மேடைலாம் வேணாம்மே."

நாடகக்காரர்களுக்குப் பதில் சொல்ல, படத்தின் கடைசி நாளுக்கு மறுநாள்தான் கெடு. அக்கா சண்டை போடவில்லை. ஒரே ஒரு தடவை படத்துக்கு வரச் சொன்னாள்.

"படத்த முழுசா பாருங்க. அப்பறமும் வேணாம்னா வேணாம். நான் வாயத் தொறக்கமாட்டன்."

கடைசி நாளன்று மாமாவுக்கு நைட் ஷிப்ட். கேரியரோடு வந்து வாசலோரம் உட்கார்ந்தார். அக்கா தடுப்புக்கு அந்தப் பக்கம், பெண்கள் பெஞ்சில்.

3. மானேஜர் மேலே வந்தார்

போட்டி மேடைக் காட்சி முதல் மிஷினில் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகி மைக் முன்னால் வந்து நின்றாள், வாயைத் திறந்தாள். சத்தம் இல்லை. பார்த்தால், ஃபிலிமிலிருந்து சத்தத்தை எடுத்துக் கொடுக்கிற சின்ன எக்ஸைட்டர் பல்பு போயிருந்தது. ஸ்பேர் பல்பை முந்தின வாரமே போட்டாயிற்று.

இதற்கு ஒரு முறை உண்டு. மிஷினை நிறுத்து, விளக்கைப் போடு, ரீலைக் கழற்றி இரண்டாவது மிஷினில் மாட்டி மறுபடி ஓட்டு. ஆனால் கடைசி ரீல் அதில் ஏற்கெனவே மாட்டியிருந்தது. அதை எடுத்து இதை மாட்டுவதற்குள் சங்கு ஊதிவிடும். மாமா எழுந்து போய்விடுவார். சீட்டும் கிடையாது.

வெளிச்சத்தை மறைத்துப் படத்தை நிறுத்துகிற ஷட்டருக்குக் கை போய்விட்டது. கீழே விசிலும் கூச்சலும். பெஞ்சைத் தட்டுகிறார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் இன்னொரு சத்தம் கேட்டது. கேபின் சுவரில் கொட்டகையைப் பார்க்க வைத்திருக்கிற ஓட்டையில் காதை வைத்தேன்.

அக்கா பாடிக்கொண்டிருந்தாள். திரையில் நடிகையின் வாய் அசைய, இங்கே இவள் குரல். ஷட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அடுத்த அடியில் பக்கத்து பெஞ்சுக்காரி சேர்ந்தாள். அதற்கடுத்த அடியில் பெண்கள் பக்கம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. குழந்தைகள் கை தட்டித் தாளம் போட்டன. ஆண்கள் பக்கம் விசில் நின்றுவிட்டது.

மானேஜர் மூச்சிரைக்க மேலே வந்தார்.

"சத்தமே இல்ல, இன்னாத்துக்குடா ஓட்ற? நிறுத்து."

அதுவரை அவரிடம் "சரிங்க சார்" தவிர நான் எதுவும் சொன்னதில்லை.

"சத்தம் இருக்குது சார். கேளுங்க."

அவர் என்னை முறைத்துவிட்டு ஓட்டையில் காதை வைத்தார். அப்புறம் எடுக்கவில்லை.

நான் இரண்டாவது மிஷினில் வெளிச்சம் தருகிற கார்பனைப் பற்றவைத்துவிட்டு, அடுத்த மிஷினுக்கு மாறச் சொல்கிற மாற்றுப் புள்ளி திரையின் மூலையில் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டின் கடைசி அடியை நடிகை இழுத்தாள். அக்காவும் விடாமல் இழுத்தாள். புள்ளி வந்தது. மாற்றினேன்.

கடைசி ரீல் கைதட்டலோடு ஆரம்பிக்கிறது. போட்டி பார்க்க வந்த கூட்டம் திரையில் எழுந்து நின்று தட்டுகிறது. இரண்டாவது மிஷினின் சத்தம் ஸ்பீக்கர் வழியாகக் கொட்டகை முழுக்க வந்து இறங்கியது. ஆண்கள் பக்கமும் எழுந்து தட்டினார்கள். எது படத்தின் கைதட்டல், எது எங்கள் ஊர்க் கைதட்டல் என்று பிரிக்க முடியவில்லை. மானேஜரும் தட்டிக்கொண்டிருந்தார்.

திரையில் அப்பா ஆர்மோனியத்தைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு மகளுக்கு முன்னால் நடந்தார். சங்கு ஊதியது. கேரியர்கள் இடிபட ஷிப்ட் ஆட்கள் ஓடினார்கள். மாமா மட்டும் பெண்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஓடினார்.

4. மறுநாள் காலை

மாமா வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வாயத் தொறக்கமாட்டன்னு சொல்ட்டுத்தானமே வந்த?"

அக்கா டீயை நீட்டினாள்.

"கேஜ்ல எறங்கச் சொல்லோ எல்லாரும் அதே பேச்சு. யாருப்பா பாட்னதுன்னு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"எங்க வூட்லதான்னு சொன்னன். வேற இன்னா சொல்றது?" டீயை ஒரு வாய் குடித்தார். "நாடகக்காரன் வூட்டுக்குப் போயி பேரு குட்த்துட்டுத்தான் வரன். கோழிக்கூண்ட சுத்தம் பண்ணி ஆர்மோனியத்த ஒளிச்சி வெக்கறதெல்லாம் நம்மால ஆவாது."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சாப்பாட்டுத் தட்டின் மேல் குனிந்துகொண்டேன். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் மிஷின் பாடமெல்லாம் சொல்லிக் கொடுப்பேன். பல்பு, கார்பன், மாற்றுப் புள்ளி, எல்லாம். சத்தம் போனால் நிறுத்த வேண்டும் என்றும் சொல்வேன். ஆனால் கை ஷட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு தடவை ஓட்டையில் காதை வைக்கச் சொல்வேன். கேபினில் இருக்கிற நமக்கு மிஷின் சத்தம்தான் கேட்கும். கொட்டகையில் என்ன நடக்கிறதென்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.